மன்னி சொல்லாத நம்பர்

எங்கள் அண்ணாவின் மனைவி, மன்னி ஹேமாம்புஜத்துக்கு என்ன புடவை பிடிக்கும், என்ன பட்சணம் பிடிக்கும் என்று கேட்டால் நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். யாரைக் கண்டால் அவளுக்கு வயிறு எரியும் என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம். கமலவல்லி. என் தம்பி ஸம்பத்குமாரின் ஆம்படையாள், மன்னிக்கு ஓர்ப்படி. இந்த எரிச்சல் நகைக்காகவோ, நிலத்துக்காகவோ வந்ததில்லை. புத்திக்காக வந்தது. அதுவும் ஒரே ஒரு நம்பருக்காக.

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயிலை ஒட்டிய தெருவில் எங்கள் பிறந்தகம். அண்ணா பாஷ்யம், கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிப்பவர். தம்பிக்கு மடைப்பள்ளியில் கைங்கரியம். நடுவில் பிறந்தவள் நான், அம்புஜம். என்னை அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் கொடுத்துவிட்டதால், பிறந்தகத்தில் பால் பொங்கினால்கூட எனக்கு மூக்கில் வாசனை வந்துவிடும். நாத்தனார் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மன்னி திருநின்றவூர்ப் பெண். எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதல். மேலே படிக்க வைக்காமல் அவள் அப்பா எங்கள் அண்ணாவுக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்தப் படிப்பைத் தெருவுக்குக் காட்டித் தீர்த்துக்கொண்டாள். தந்தி வந்தால் அவளிடம்தான் எடுத்து ஓடுவார்கள். இங்கிலீஷில் மனு எழுத அவள்தான். குறுக்கெழுத்துப் போட்டியை மற்றவர்கள் பத்திரிகையைப் பிரிப்பதற்குள் முடித்து மடித்து வைத்துவிடுவாள். யாராவது ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே மீதியை அவள் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதனாலேயே யாருக்கும் அவளிடம் பேசப் பிடிக்காது.

கமலா பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம். எட்டாவதோடு நின்றவள். ஒன்று கேட்டால் உடனே பதில் வராது. காதில் விழவில்லையோ என்று நாம் மறுபடி வாயெடுக்கும்போது நிதானமாகச் சொல்வாள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் மன்னி என்னிடம், "நல்ல பொண்ணுதான், கொஞ்சம் மந்தம்," என்றாள், பரம திருப்தியோடு. ஆனால் எங்கள் அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் கமலா வேண்டியிருந்தது. தெருப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டால் நியாயம் கேட்க அவளிடம் வந்தார்கள். மந்தமான ஒருத்தியை ஏன் எல்லோரும் தேடுகிறார்கள் என்று மன்னிக்குப் புரியவில்லை. தனக்குப் புரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்குப் பொறுக்காது.

அறுபத்தேழில் சந்திரகலா என்ற அம்மாள் எங்கள் ஊருக்கு ரயிலேறி வந்தாள். மெட்ராஸில் ஒரு காலேஜில் மனோதத்துவம் சொல்லிக்கொடுப்பவள். மனிதர்களின் புத்தியை அளக்கும் பரீட்சை ஒன்றை வெள்ளைக்காரர்களிடமிருந்து எடுத்துத் தமிழில் போட்டிருந்தாள். மெட்ராஸ்காரர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அளவுகோல் கோணலாகிவிடும், பழவேற்காட்டிலும் பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் இருப்பவர்களிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். அந்தந்த ஊரில் படித்த ஒரு பெண்ணைப் பழக்கி, அவளையே பரீட்சை வைக்கச் சொல்வது அவள் வழக்கம். எங்கள் தெருவில் படித்த பெண் யார் என்று கேட்டதும் எல்லா விரலும் ஒரே வீட்டைக் காட்டின. மன்னிக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் சந்திரகலா ஒரு கேள்வி கேட்டாள். புத்தி என்றால் என்ன?

என் ஆத்துக்காரர் ராமஸ்வாமி, "கேட்டதை மறக்காம இருக்கறது," என்றார். அண்ணா, "எதை எப்போ சொல்லணும், எப்போ சொல்லப்படாதுன்னு தெரியறது," என்றார். வாசலில் கூடையை இறக்கிவிட்டு நின்ற காய்கறிக்காரி மணியம்மாள், "இன்னாம்மா பெரிய புத்தி? பேஜாரு இல்லாம பொயப்ப ஓட்டினு போனா அதான் புத்தி," என்றாள். மன்னி சட்டென்று, "மத்தவாளுக்கு முன்னாடி புரிஞ்சுக்கறது," என்றாள். கமலாவைக் கேட்டார்கள். அவள் வழக்கம்போல் யோசித்தாள். எல்லோரும் காத்திருந்தோம். "தெரியலை," என்றாள்.

சந்திரகலா சிரித்தாள். "எங்க புஸ்தகம் எழுதினவங்களே இதுல ஒத்துப்போகல. புத்தி ஒரே வேர், அதுல பலம் இருந்தா எல்லா கிளையும் தழைக்கும்னு சில பேர் சொல்றாங்க. அப்படி இல்ல, கணக்குப் புத்தி வேற, பேச்சுப் புத்தி வேற, கைப் புத்தி வேற, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லன்னு சில பேர். ஆனா என்னன்னு முடிவாகறதுக்கு முன்னாடியே அளக்க ஆரம்பிச்சுட்டோம்."

பரீட்சை முடிவில் ஒரு நம்பர் வரும். அது அரிசியை நிறுப்பது மாதிரி நிறுத்துச் சொல்கிற நம்பர் இல்லை, உங்கள் வயதுக்காரர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் அது, நடுவில் நிற்பவருக்கு நூறு என்றாள். மற்ற ஊர்களில் இதை விளக்க அவள் என்ன பாடுபட்டாளோ தெரியாது. எங்கள் தெருவில் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. கோஷ்டியில் தீர்த்தம் யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்பதற்காக வருஷக்கணக்கில் முகம் பார்க்காத பங்காளிகள் உள்ள தெரு இது. ஆண்களுக்குத் தீர்த்த வரிசை இருந்தது. பெண்களுக்கு அதுவரை அப்படி ஒரு வரிசை இருந்ததில்லை. மன்னியின் கண் பளபளத்ததை நான் பார்த்தேன்.

பரீட்சைக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது, சம்பந்தப்பட்டவரிடம்கூட. சொன்னால் மனசு கெடும், சண்டை வரும் என்றாள் சந்திரகலா. தெருவைப் பற்றி அவளுக்கு நன்றாகத்தான் தெரிந்திருந்தது.

மன்னி கூடத்தை ஒட்டிய காமிரா உள்ளில் பாய் போட்டு, கையில் ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எனக்கும் வைத்தாள். எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள், பிறகு பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அட்டையில் உள்ள படம் மாதிரி அடுக்கச் சொன்னாள். நான் நன்றாகவே செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். "எவ்வளவு மன்னி?" என்று கேட்டேன். "விதி," என்றாள். அந்த ஒற்றை வார்த்தையை அவள் சொன்ன வெட்டிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் நம்பர் அவளைச் சுட்டிருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்?

அடுத்து கமலாவின் முறை. நான் அறை வாசலில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். காதுக்கென்ன மூடியா இருக்கிறது?

"வாழைக்காய், பாகற்காய், முருங்கைக்காய், மாம்பழம். இதில் சேராதது எது?" என்று மன்னி வாசித்தாள்.

வெகுநேரம் சத்தமில்லை. பிறகு கமலா, "முருங்கைக்காய்," என்றாள்.

சந்திரகலா கொடுத்திருந்த விடைத்தாளில் மாம்பழம் என்றிருந்தது. மற்றவை காய், அது பழம். ஆனால் திதி அன்றைக்கு எங்கள் வீடுகளில் வாழைக்காய் உண்டு, பாகற்காய் உண்டு, மாம்பழம் கட்டாயம் உண்டு. முருங்கைக்காய் மட்டும் வாசற்படி தாண்டக் கூடாது. சிராத்தத் தளிகை செய்கிற பெண்ணிடம் சேருவது எது, சேராதது எது என்று கேட்டால் வேறு என்ன சொல்வாள்? நானும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

"ரயிலில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை கிடந்தால் என்ன செய்வாய்?" என்றாள் மன்னி. ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுப்பேன் என்று சொல்ல வேண்டும். கமலா யோசித்து, "யார் குடைன்னு தெரிஞ்சிருக்குமே மன்னி. அவா ஆத்துல கொண்டுபோய்க் குடுத்துடுவேன்," என்றாள். செவ்வாப்பேட்டையில் ஏறுகிறவர்களின் குடைகூட எங்களுக்கு அடையாளம் தெரியும். அதுவும் தப்பு.

மன்னியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் ஒரு மார்க்கைக்கூட வேண்டுமென்று குறைக்கவில்லை. விடைத்தாள் தப்பு என்றதைத் தப்பு என்றாள், சரி என்றதைச் சரி என்றாள். கமலாவின் நம்பர் நூறுக்குக் கீழே வந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? மன்னி அன்றிலிருந்து கமலாவிடம் தேனாக ஒழுக ஆரம்பித்தாள். "பாவம், அவளுக்கு அவ்வளவுதான்," என்று எல்லோரிடமும் சொன்னாள். தன் மாம்பழக் கலர்ப் பட்டுப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். கமலா சமையலில் உப்பை மறந்தால்கூட, "அவ என்ன பண்ணுவா?" என்றாள். அந்த இரண்டு மாதமும் எங்கள் பிறந்தகம் இருந்த ஒற்றுமையை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பிறகு கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. சந்திரகலா விடைகளையெல்லாம் மெட்ராஸுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு முகம் சிவக்கத் திரும்பி வந்தாள். தெரு முழுக்க முருங்கைக்காய் என்று சொல்லியிருந்தது. தெரு முழுக்கக் குடையை வீட்டில் கொண்டு கொடுத்திருந்தது.

"ஒருத்தர் தப்பாச் சொன்னா அவங்க புத்திய சந்தேகப்படலாம். ஒரு தெருவே ஒரே மாதிரி சொன்னா கேள்வியத்தான் சந்தேகப்படணும்," என்றாள். "காரணம் சொல்லிப் பிரிக்கத் தெரியுதான்னு பார்க்கத்தான் அந்தக் கேள்வி. திதிக்கு ஆகும், ஆகாதுங்கறதும் ஒரு காரணம்தானே?"

அப்படிப்பட்ட கேள்விகள் இன்னும் பல இருந்தன. எல்லாவற்றுக்கும் விடைத்தாளைத் திருத்தினாள். திருத்திய தாளை வைத்து மன்னியே எல்லோருக்கும் மறுபடி நம்பர் போட்டாள். எண்களைத் திருப்பிச் சொல்வதிலும் கட்டை அடுக்குவதிலும் கமலா முன்பே நிறைய வாங்கியிருந்தாள். யோசித்து யோசித்து அவள் சொன்ன பதில்களெல்லாம் இப்போது சரியாகிவிட்டன. அன்று சாயங்காலம் நான் பிறந்தகம் போனபோது கமலா கொல்லையில் அந்த மாம்பழக் கலர்ப் புடவையைக் கட்டிக்கொண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மன்னி அதைப் பார்த்தபடி, "பட்டுப் புடவையை இப்படித்தான் கொல்லைக்குக் கட்டிப்பாளா? ஆருக்காவது புத்தி இருக்கா இந்த ஆத்துல?" என்றாள். கமலாவின் நம்பர் எங்கே போயிருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாளே மன்னி சந்திரகலாவிடம் போய் நின்றாள். "எனக்கும் பரீட்சை வையுங்கோ."

சந்திரகலா சங்கடப்பட்டாள். "உங்களுக்கு வைக்க முடியாதும்மா. கேள்வி தெரியும், விடை தெரியும், எதுக்கு எவ்வளவு நேரம்னு தெரியும். இப்ப வச்சா வர்றது உங்க புத்தியோட நம்பர் இல்ல, ஞாபகத்தோட நம்பர்."

"முதல்லயே எனக்கு வெச்சிருக்கலாமே?"

"நீங்க கேக்கலியே. பரீட்சை வைக்கற ஆளா இருக்கத்தான் ஆசைப்பட்டீங்க."

மன்னி திரும்பி வந்த நடை எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. திருவள்ளூரில் ஒரு தெருவையே வரிசையில் நிறுத்தியவளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. மடைப்பள்ளித் தம்பியின் மனைவிக்கு இடம் இருந்தது. எனக்கு இருந்தது. இரண்டு முழம் துணியை ஒழுங்காகக் கிழிக்கத் தெரியாத எதிர்வீட்டு ஜானகியம்மாளுக்குக்கூட ஓரமாக ஓர் இடம் இருந்தது.

அதற்குப் பிறகு பத்து வருஷம் மன்னி கமலாவைச் சொந்தமாக அளந்துகொண்டிருந்தாள். குறுக்கெழுத்தைக் கொண்டுபோய், "இது என்னன்னு தெரியறதா பாரு," என்பாள். விடுகதை போடுவாள். கமலாவுக்குத் தெரிந்தால் மன்னிக்கு அன்று சாதம் இறங்காது. தெரியாவிட்டால், "தெரிஞ்சுண்டே மறைக்கறா," என்பாள். இரண்டு பக்கமும் வழியில்லாமல் தன்னைத்தானே அடைத்துக்கொண்டவளை யார் விடுவிக்க முடியும்? கமலாவோ எதற்கும் பெரிதாக அசையவில்லை. மன்னிக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்தாளோ என்னவோ.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? நல்ல நாள், கெட்ட நாள் பார்த்து, மன்னி கொஞ்சம் இளகியிருக்கும் நேரமாக என் நம்பரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும், "விதி." ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளூர ஓர் இஞ்ச் உயரம் கூடியது.

எழுபத்தேழில் சந்திரகலா மறுபடி வந்தாள், தலை நரைத்து, கண்ணாடி போட்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் நுணுக்கமான சாமான்களைப் பொருத்தும் வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்களாம். அதற்கு வார்த்தையே இல்லாத பரீட்சை ஒன்று வைத்திருந்தாள். அங்கே தமிழ் பேசுகிற பெண்களும் வருவார்கள், தெலுங்கு பேசுகிற பெண்களும் வருவார்கள். முருங்கைக்காய் வம்பே வேண்டாம் என்று எல்லாம் படமாகவும் கட்டமாகவும் செய்துவிட்டாள். பரீட்சை வைக்க மன்னியைக் கூப்பிடத்தான் வந்திருந்தாள்.

தாளை எடுத்து நீட்டப் போனவளை மன்னி கையைப் பிடித்துத் தடுத்தாள். "என்கிட்ட காட்டாதேங்கோ. இந்தத் தடவை நான் எழுதறேன்."

"வேலைக்கு வயசு தாண்டிடுச்சேம்மா."

"வேலை யாருக்கு வேணும்? நம்பர் வேணும்."

சந்திரகலா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். சரி என்றாள். "அப்ப பரீட்சை வைக்க வேற ஆள் வேணுமே. படிப்பு நிறைய வேண்டாம். சொல்லிக்குடுத்தத அப்படியே செய்யணும், அவசரப்படுத்தக் கூடாது, சரி தப்புன்னு முகத்துல காட்டவே கூடாது." அப்போது காபி டம்ளரோடு உள்ளேயிருந்து வந்தவள் கமலா. தெருவிலேயே இந்த மூன்றும் பொருந்துகிற ஒரே ஆள் அவள்தான் என்று மன்னிக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

மூன்று பேரும் புளியோதரை கட்டிக்கொண்டு பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போனோம். நான் துணைக்கு. தொழிற்சாலையின் சாமான் கொட்டகை ஒன்றில் மேஜை போட்டிருந்தார்கள். எங்கும் கிரீஸ் நாற்றம். வெளியே வரிசையில் நின்ற ஒரு பெண் என்னிடம், "அக்கா, உள்ள இன்னா கேக்கறாங்க? எங்க நைனா கணக்குதான் கேப்பாங்கன்னு சொல்லி ராவெல்லாம் வாய்ப்பாடு படிக்க வச்சுக்கினு இருந்தாரு," என்றாள். எனக்கு அவளைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. மன்னியும் அந்தப் பத்து வருஷமாகப் படித்துக்கொண்டுதானே இருந்தாள்?

கம்பி வலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கமலா சொல்லிக்கொடுத்தபடி அட்டையை வைத்தாள், ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினாள், சும்மா இருந்தாள். படத்தில் விட்டுப்போன துண்டு எது என்று காட்ட வேண்டும். எதையும் பாதியிலேயே சொல்லி முடிக்கிற மன்னி ஒவ்வொரு அட்டைக்கும் தயங்கினாள். விரலை ஒன்றின் மேல் வைப்பாள், கமலாவின் முகத்தைப் பார்ப்பாள், விரலை மாற்றுவாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. மன்னிக்கு நெற்றியெல்லாம் வியர்த்து, இட்டுக்கொண்டிருந்த ஸ்ரீசூர்ணம் கரைந்து மூக்குவரை வந்துவிட்டது. அப்போது மட்டும் கமலா வாட்ச்சை நிறுத்தாமலே தன் தலைப்பை நீட்டினாள். மன்னி துடைத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலமே அட்டவணையைப் பார்த்துக் கமலா நம்பர் போட்டுத் தாள்களைச் சந்திரகலாவிடம் கொடுத்துவிட்டாள். திரும்புகிற பஸ்ஸில் ஊத்துக்கோட்டைக் கூட்டம் ஏறி இறங்கும்வரை மன்னி பொறுத்தாள்.

"எவ்வளவு கமலா?"

கமலா யோசித்தாள். "சொல்லப்படாதே மன்னி. விதின்னு நீங்கதானே சொல்லுவேள்."

கேலி இல்லை, பழி இல்லை. ஒப்பித்த பாடத்தைத் திருப்பிச் சொல்வது மாதிரி சொன்னாள். மன்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் சந்திரகலா காலேஜை விட்டுவிட்டு வடக்கே மகன் வீட்டோடு போய்விட்டதாகத் தகவல் வந்தது. இனிமேல் விதி யாருக்காக? அன்று கமலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நானும் இருந்தேன். மன்னி அவள் எதிரில் உட்கார்ந்தே விட்டாள்.

"இப்பவாவது சொல்லு. என் நம்பர் என்ன?"

கமலா கையை எடுக்காமல் யோசித்தாள். இந்தத் தடவை நிஜமாகவே ரொம்ப நேரம் யோசித்தாள்.

"மறந்துடுத்து மன்னி."

"பொய் சொல்லாதே."

"எனக்கென்ன பொய்? எல்லாருக்கும் போட்டேன், குடுத்துட்டேன். மூணு இலக்கம்னு மட்டும் ஞாபகம் இருக்கு." தண்ணீரை வடித்துவிட்டுப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று இலக்கம் என்றால் நூறும் உண்டு, நூற்றி முப்பதும் உண்டு. மன்னி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பொறாமை பொங்கும்போது அவள் முகம் சிவக்கும், எனக்குத் தெரியும். அன்று வெளுத்திருந்தது.

"மறந்துட்டாளாம்," என்றாள் என்னிடம். "என் நம்பரை எப்படி மறக்க முடியும்? அவ நம்பரை நான் ஒரு நாளாவது மறந்தேனா? தூக்கத்துல எழுப்பிக் கேளு. நூத்திப் பதினேழு. நூத்திப் பதினேழு. பத்து வருஷமா அதுதான் ஓடிண்டிருக்கு."

விதி ஒருவழியாக உடைந்தது. கதவு திறந்திருக்கும்போதே நுழைந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நூற்றிப் பதினேழுக்கு எவ்வளவு மேலே என்பதுதான் என் மனசில் இருந்த கேள்வி.

"என்னோடது எவ்வளவு மன்னி?"

"உன்னோடதா?" மன்னி என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பேச்சில் அவள் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உனக்கும் வெச்சேன் இல்லையா?" என்றாள். "ஞாபகம் இல்லைடி அம்புஜம்."

நான் நாலு வீடும் நடந்து வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து கமலாவைக் கண்டால் எனக்கும் ஆகாது.